கணுக்கால் பிசகினால்: முதல் பத்து நிமிடத்திலிருந்து மறுபடி ஓடும் நாள் வரை

கால் மடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் வீக்கம் வடிந்துவிடும், வலி குறைந்துவிடும், ஓரளவு சரியாக நடக்கவும் முடியும். பெரும்பாலானோர் அத்தோடு அந்தக் கணுக்காலை மறந்துவிடுகிறார்கள். கணுக்கால் காயத்தில் நடக்கிற மிகப் பெரிய தப்பு இதுதான் என்பேன். வலி போனபின்னும் கால் முழுதாக ஆறியிருக்காது. உள்ளே கிழிந்த தசைநார் (எலும்பை எலும்போடு கட்டியிருக்கும் பட்டை) வலுப்பெறப் பல மாதங்கள் பிடிக்கும், அதுவரை அந்த மூட்டுக்குத் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் பழக்கமும் திரும்பியிருக்காது. கணுக்கால் சுளுக்கியவர்களில் 40 சதவீதம் பேர் வரை நாள்பட்ட தொல்லையோடு இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மறுபடி மறுபடி அதே கால் மடங்குவது, மேடுபள்ளத்தில் நடக்க பயம், நாள் முழுக்க நின்றால் லேசான வீக்கம், இப்படி. இதில் பெரும்பகுதியை முதல் சுளுக்கின்போதே தவிர்க்கலாம். அதனால்தான் ஐஸ் வைப்பதோடு நிறுத்தாமல் கடைசிவரை எழுதியிருக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இறங்கி வருகின்றன. உள்பக்கம் இருப்பது தடித்தது, வெளிப்பக்கம் இருப்பது மெலிந்தது. இரண்டும் கீழே வந்து நடுவில் தாலஸ் என்கிற எலும்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கின்றன. கணுக்காலின் இருபுறமும் புடைத்துத் தெரிகிற குமிழ்கள் அந்த இரண்டு எலும்புகளின் முனைகள்தான். ஒரு விரலை உள்குமிழ் நுனியிலும் இன்னொரு விரலை வெளிக்குமிழ் நுனியிலும் வைத்துப் பாருங்கள், வெளிக்குமிழ் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அதாவது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்ப முயன்றால் எலும்பே முட்டுக்கொடுத்துத் தடுத்துவிடும், உள்பக்கமாகத் திரும்பினால் அவ்வளவு தடுப்பு கிடையாது. போதாததற்கு உள்பக்கத் தசைநார் விசிறி மாதிரி விரிந்த தடிமனான ஒரே பட்டை, வெளிப்பக்கம் இருப்பதோ தனித்தனியான மூன்று மெல்லிய பட்டைகள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாலஸ் எலும்பின் மேல்பரப்பு முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கும். பாதம் தரையில் சமமாக ஊன்றியிருக்கும்போது அகலமான பகுதி மேலே உள்ள பிடிக்குள் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். விரல்நுனி கீழ்நோக்கி இருக்கும்போது, அதாவது படி இறங்கும்போதும், குதித்துத் தரையில் விழும் அந்த நொடியிலும், குறுகலான பகுதி பிடிக்குள் வந்துவிடுவதால் மூட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் பாதம் உள்பக்கமாக மடங்கினால் முழு உடல் எடையும் வெளிப்பக்கத் தசைநார்மேல்தான் விழும். வெளிக்குமிழின் முன்பக்கத்திலிருந்து தாலஸுக்குப் போகும் பட்டை முதலில் கிழியும், விசை அதிகமென்றால் குமிழிலிருந்து கீழே குதிகால் எலும்புக்குப் போகும் பட்டையும் சேர்ந்து போகும். பின்னால் இருக்கும் மூன்றாவது பட்டை கிழிவது அபூர்வம்.

முதல் படி: முதல் பத்து நிமிடம்

உட்காருங்கள். "கொஞ்சம் நடந்தால் சரியாகிடும்" என்று யாராவது சொல்வார்கள், கேட்க வேண்டாம். விளையாட்டில் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான்.

காலணி, சாக்ஸ், காலில் நகை இருந்தால் அது, எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் மெதுவாகக் கழற்றிவிடுங்கள். அப்புறம் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் கோணலாகத் திரும்பியிருக்கிறதா, எலும்பு தோலைக் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, காயம் திறந்திருக்கிறதா, விரல்கள் வெளிறியோ நீலமாகவோ சில்லென்றோ இருக்கின்றனவா, தொட்டால் உணர்வு தெரிகிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை, நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கோணலை நீங்களே இழுத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். காலைச் சுற்றி ஒரு தலையணையை வைத்து, இருக்கும் நிலையிலேயே அசையாமல் கட்டிக்கொண்டு போங்கள். வழியில் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் இருப்பது நல்லது, அறுவை சிகிச்சையோ மயக்க மருந்தோ தேவைப்படலாம்.

"மளுக்" என்று சத்தம் கேட்டதே, எலும்பு உடைந்துவிட்டதோ என்று பலரும் பயப்படுகிறார்கள். தசைநார் கிழியும்போதும் அதே சத்தம் வரும், எலும்பு முறிந்தாலும் வரும். வீக்கத்தின் அளவும் அப்படித்தான், சின்ன முறிவில் கொஞ்சமாக வீங்கும், பெரிய சுளுக்கில் பந்து மாதிரி வீங்கும். இரண்டையும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

இரண்டாம் படி: எக்ஸ்ரே தேவையா

இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவும் 1992-இல் வெளியிட்ட விதிகள், உலகம் முழுக்க இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துவது இதைத்தான். நான்கு இடங்களில் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், நான்கு அடி எடுத்து வைத்து நடந்து பார்க்க வேண்டும்.

1. வெளிக்குமிழின் நுனியும் பின்விளிம்பும். நுனியில் தொடங்கி மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் வரை.
2. உள்குமிழில் அதே மாதிரி.
3. பாதத்தின் வெளி ஓரத்தில், குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் புடைத்து நிற்கும் எலும்பு.
4. பாதத்தின் உள்பக்கம், உள்குமிழுக்குச் சற்று முன்னால் கீழே தட்டுப்படும் எலும்பு.

அழுத்தும் விதம் முக்கியம். குமிழின் முன்பக்கமும் அடிப்பக்கமும்தான் தசைநார் இருக்கும் இடம், அங்கே தொட்டாலே உயிர் போகும், சாதாரணச் சுளுக்கிலும் அப்படித்தான். அதனால் விரலைக் குமிழின் பின்னால் கொண்டுபோய், எலும்பின் விளிம்பு விரல்நுனிக்குத் தட்டுப்படும் இடத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்திக்கொண்டே அழுத்துங்கள். ஒரு குறிப்பிட்ட புள்ளியில் எலும்பிலேயே சுரீரென்று வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும், இப்போது சோதிக்கும்போதும், நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். நொண்டி நொண்டி நடந்தாலும் பரவாயில்லை, காலில் எடை போட்டு நான்கு அடி போனால் அது "முடிகிறது" என்றுதான் கணக்கு.

இவை எதுவுமே இல்லையென்றால் முக்கியமான முறிவு இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் சிலருக்கு இந்தச் சோதனையை நம்ப முடியாது: மது அருந்தியவர்கள், தலையில் அடிபட்டவர்கள், உடம்பில் வேறு இடத்தில் பெரிய காயம் உள்ளவர்கள், சர்க்கரை நோயால் காலில் உணர்வு மங்கியவர்கள், வலியைச் சரியாகச் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைகள். இவர்களை எப்படியும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உங்களுக்கே சந்தேகமாக இருந்தாலும் போய்விடுங்கள், இது மருத்துவர் கைக்கு மாற்று கிடையாது.

எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும். "எக்ஸ்ரே நார்மல்" என்றால் எலும்பு உடையவில்லை என்று அர்த்தம், தசைநார் முழுசாக அறுந்திருந்தாலும் எக்ஸ்ரே நார்மலாகத்தான் வரும். இதை வைத்துக் காயமே இல்லை என்று நினைத்துக்கொண்டு மறுநாளே வேலைக்கும் விளையாட்டுக்கும் போகிறவர்கள் ஏராளம்.

சுளுக்கில் மூன்று தரம்

முதல் தரத்தில் தசைநார் அதிகமாக இழுபட்டு நுண்ணிய கிழிசல்கள் மட்டும் இருக்கும், வலியோடு நடக்க முடியும், ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் அன்றாட வேலைகளுக்குத் திரும்பலாம். இரண்டாம் தரத்தில் பாதி கிழிந்திருக்கும், வீக்கமும் ரத்தக்கட்டும் நன்றாகத் தெரியும், நடந்தால் நொண்ட வேண்டியிருக்கும், மூன்றிலிருந்து ஆறு வாரம். மூன்றாம் தரம் என்றால் முழுக் கிழிசல், மூட்டு ஆட்டம் காணும், இரண்டு மூன்று மாதம் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் நாளே தரம் பிரிப்பது மருத்துவருக்கே கஷ்டம், வீக்கமும் வலியும் மூட்டைச் சோதிக்க விடாது. நாலைந்து நாள் கழித்து வீக்கம் குறைந்ததும் மறுபடி பரிசோதித்தால்தான் தசைநார் எவ்வளவு போயிருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். முதல் நாள் காட்டியிருந்தாலும் ஐந்தாம் நாள் ஒருமுறை காட்டுங்கள், முக்கியமாக நடக்கச் சிரமப்படுகிறவர்கள்.

ரத்தக்கட்டைப் பற்றி ஒன்று. மூன்றாம் நான்காம் நாளில் குதிகாலின் ஓரத்திலும் விரல்களின் அடியிலும் கருநீலமாக ஒரு கோடு தெரியும், அடிபட்டது மேலே, இங்கே எப்படி வந்தது என்று பலர் பதறிப்போகிறார்கள். மேலே கசிந்த ரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்கித் தங்குகிறது, அவ்வளவுதான். பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும்.

மூன்றாம் படி: முதல் மூன்று நாள்

ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது. இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்து 1978-இல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின். 2014-இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அதனால் இப்போது நிலைமை இதுதான்: ஐஸ் வலியைக் குறைக்கும், அதற்காகப் பயன்படுத்துங்கள், சீக்கிரம் ஆற்றிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்த மாதிரி புண்ணாகிவிடும். வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள்.

என் கருத்தில் ஐஸைவிட மெனக்கெட வேண்டியது கட்டும், உயர்த்தி வைப்பதும்தான். க்ரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்குங்கள், பாதம் காலுக்கு நேர்கோணத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூட வேண்டும். பாதத்தில் இரண்டு சுற்று போட்டபின் கணுக்காலில் குறுக்காக ஏற்றி, பின்னால் சுற்றி, மறுபடி பாதத்துக்கு இறக்கி, எட்டு வடிவத்தில் கொண்டுபோய்க் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் அளவில் முடியுங்கள். கீழே இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக இருக்க வேண்டும், தலைகீழாகக் கட்டினால் பாதம்தான் வீங்கும். விரல்கள் வெளியே தெரிய வேண்டும். கட்டிய பின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும், இல்லையென்றால் இறுக்கம் அதிகம். விரல் மரத்தாலோ ஊசி குத்துவது போல இருந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம்.

உயர்த்தி வைப்பது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் ஒரு ஸ்டூலில் காலை நீட்டுவதைச் சொல்லவில்லை. கணுக்கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அதற்கு மல்லாந்து படுத்து காலுக்குக் கீழே இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் முடியும்.

வலிக்கு பாரசிட்டமால் போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற ஜெல்லைத் தோலில் தடவுவது கணுக்கால் சுளுக்கில் நன்றாகவே வேலை செய்யும், வயிற்றுக்கும் தொந்தரவு குறைவு. ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பின் சில நாள் எடுக்கலாம், ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இந்த மூன்று நாளும் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், மது வேண்டாம், அழுத்தித் தேய்த்து நீவி விடுவது கண்டிப்பாக வேண்டாம். புதிதாகக் கிழிந்த இடத்தை இழுத்து நீவினால் ரத்தக்கசிவு கூடும், உள்ளே விரிசல் இருந்து அது தெரியாமல் இழுத்தால் விலகாத எலும்பும் விலகிவிடலாம்.

நான்காம் படி: அசைக்கத் தொடங்குவது

இரண்டாம் நாளிலிருந்தே, படுத்தபடி, பாதத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து தடவை போதும். அடுத்து கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக்கொண்டு அ முதல் ஔ வரை காற்றில் எழுதுங்கள், மூட்டு எல்லாத் திசையிலும் அசையும். முதல் சில நாள் பாதத்தை உள்பக்கமாக வலிக்க வலிக்கத் திருப்ப வேண்டாம், கிழிந்த இடம் ஒட்டுவது அந்தத் திசையில்தான் பாதிக்கப்படும்.

எவ்வளவு வலி வரை செய்யலாம் என்பதற்கு எளிய அளவு ஒன்று: பத்துக்கு மூன்று என்று நீங்கள் மதிப்பெண் போடும் வலி சரி, அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் காலை எழும்போது வலியும் வீக்கமும் முந்தைய நாள் காலையைவிடக் கூடியிருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள், ஒரு படி குறையுங்கள். இந்த அளவு கடைசிப் படிவரை பொருந்தும்.

நடப்பது: முடிகிற அளவு எடை போட்டு நடங்கள். சாதாரணச் சுளுக்குக்கு மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைப்பதைவிட, பிரேஸ் (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் உறை) போட்டுக்கொண்டு சீக்கிரம் நடக்கத் தொடங்குகிறவர்கள்தான் விரைவில் தேறுகிறார்கள். காலே ஊன்ற முடியாத கடுமையான சுளுக்கு மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பத்து நாள் வரை கட்டோ வாக்கிங் பூட்டோ (கணுக்காலை அசையாமல் பிடிக்கும் கனமான காலணி) போட்டு வைப்பது உதவும், மருத்துவர் முடிவு செய்வார். ஊன்றுகோல் ஒன்று மட்டும் இருந்தால் அடிபடாத காலின் பக்கக் கையில் பிடிக்க வேண்டும், பெரும்பாலானோர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நொண்டியபடியே வேகமாக நடந்து பழக்கமாகிவிட்டது என்று அதை அப்படியே விட்டுவைக்காதீர்கள், மெதுவாக என்றாலும் குதிகால் முதலில் பட்டு, பாதம் உருண்டு, கட்டைவிரலால் தள்ளி நடக்க வேண்டும். நொண்டிப் பழகிய கால் இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துத் தொந்தரவு செய்யும்.

வாகனம் ஓட்டுவது, திடீரென்று பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடிகிற நாளுக்குப் பிறகுதான்.

ஐந்தாம் படி: மடக்கமும் வலுவும்

முதல் வாரத்துக்குப் பிறகு, வீக்கம் இறங்க ஆரம்பித்ததும், சுவரைப் பார்த்து நில்லுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா பாருங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி தொடுங்கள். இதையே இரண்டு காலிலும் செய்து, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். அடிபட்ட காலில் எத்தனை சென்டிமீட்டர் குறைகிறதோ அவ்வளவு மடக்கம் இன்னும் பாக்கி. இந்த மடக்கம் திரும்பாமல் படி இறங்குவதும் குந்தி உட்காருவதும் சரியாக வராது.

வலுவுக்கு, முதலில் பாதத்தின் வெளி ஓரத்தைச் சுவரிலோ கட்டில் காலிலோ வைத்து, அசையாமல் வெளிப்பக்கமாகத் தள்ளி ஐந்து வினாடி பிடியுங்கள். அது சுலபமானதும் ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுங்கள், திரும்பி வரும்போது பட்டென்று விடாமல் மெதுவாக. பத்துப் பதினைந்து முறை, மூன்று சுற்று. கணுக்கால் மடங்கும்போது பிடித்து நிறுத்த வேண்டிய தசை இந்த வெளிப்பக்கத் தசைதான். அப்புறம் குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நிற்பது, முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். நல்ல காலில் எத்தனை முறை முடிகிறதோ அத்தனை முறை அடிபட்ட காலிலும் முடிந்தால்தான் இந்தப் படி முடிந்தது.

ஆறாம் படி: சமநிலை, எல்லோரும் விட்டுவிடுவது

தசைநாருக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவைதான் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருக்கின்றன. நடக்கும்போது ஒரு கல்லை மிதித்தால் நாம் யோசிக்காமலேயே கால் தன்னைச் சரிசெய்துகொள்வது இதனால்தான். தசைநார் கிழியும்போது இந்தத் தகவலும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது. கிழிசல் ஒட்டிய பிறகும், பயிற்சி கொடுக்காவிட்டால், கால் தாமதமாகவே எதிர்வினை காட்டும். வலியே இல்லாத கணுக்கால் சமதரையில் திடீரென்று மடங்குவதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். வெறுங்காலோடு சுவருக்குப் பக்கத்தில், தேவைப்பட்டால் பிடித்துக்கொள்கிற தூரத்தில், நல்ல காலில் முதலில் நில்லுங்கள். கீழே பாதத்தைக் கவனியுங்கள், விரல்களும் பாதத்தின் ஓரமும் இலேசாகத் துடித்துத் துடித்துச் சரிசெய்துகொண்டே இருக்கும், மேலே உடம்பு அசையாது. அடுத்து அடிபட்ட காலில் நில்லுங்கள். பாதம் பெரிதாகத் தள்ளாடும், கைகள் தானாக விரியும், இடுப்பு ஒடிந்து ஒடிந்து பிடிக்கும். அந்த வித்தியாசம்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டியது.

முதலில் கண் திறந்து 30 வினாடி நிற்கப் பழகுங்கள். அது வந்ததும், நின்றபடியே தலையை இடம் வலம் திருப்புங்கள். பிறகு கண்ணை மூடி நில்லுங்கள், இது நினைப்பதைவிடக் கஷ்டம், பத்து வினாடியே முதலில் பெரிய விஷயம். அடுத்து ஒரு தலையணைமேல் நிற்பது, பந்தைச் சுவரில் எறிந்து பிடித்தபடி நிற்பது, நின்ற காலை லேசாக மடக்கி மற்ற காலை முன்னால், பக்கவாட்டில், பின்னால் எட்டும் தூரம் நீட்டித் தரையைத் தொட்டுத் திரும்புவது. தினமும் ஐந்து பத்து நிமிடம் போதும், பல் துலக்கும் நேரத்திலேயே பாதி முடிந்துவிடும். ஆனால் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டாம் முறை சுளுக்குவதை இந்தப் பயிற்சி கணிசமாகக் குறைக்கிறது என்பது திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்டிருக்கிறது. செலவே இல்லாத ஒன்று, தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏழாம் படி: ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும்

நாள்கணக்கை விட்டுவிடுங்கள், கால் என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்து வலியும் வீக்கமும் வரவில்லையென்றால் நேர்கோட்டில் மெதுவாக ஓடலாம். அது சரியென்றால் எட்டு வடிவத்தில் ஓட்டம், பெரிய எட்டில் தொடங்கிச் சிறியதாக்கிக்கொண்டே வாருங்கள். அதன் பிறகு ஒற்றைக் காலில் குதிப்பது, பக்கவாட்டில் தாவுவது, சட்டென்று நின்று திரும்புவது. ஒற்றைக் காலில் தாவும் தூரம் நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வர வேண்டும், விழும்போது காலை நம்பி விழவும் வேண்டும். மனத்தில் தயக்கம் இருந்தால் அதுவும் ஒரு அறிகுறி, இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

விளையாடும்போது மட்டும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை கயிறு கட்டும் வகை பிரேஸ் போடுவது நல்லது. டேப்பும் உதவும், ஆனால் ஆட்டத்தின் நடுவிலேயே தளர்ந்துவிடும், சரியாக ஒட்டத் தெரிந்தவரும் வேண்டும். பிரேஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், பயிற்சியை நிறுத்தினால்தான் பலவீனமாகும்.

சுளுக்கு மாதிரியே வரும் வேறு காயங்கள்

வலி குமிழைச் சுற்றி இல்லாமல் கணுக்காலுக்கு மேலே, இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருந்தால் அது உயர்சுளுக்காக இருக்கலாம். பாதம் தரையில் பதிந்திருக்க உடம்பு திரும்பும்போது இரண்டு எலும்புகளையும் கட்டியிருக்கும் தசைநார் கிழிவது இது. கெண்டைக்காலின் நடுவில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பிழிந்தால் கீழே கணுக்காலில் வலிக்கும். பார்க்க வீக்கம் கம்மியாக இருக்கும், ஆனால் ஆற இரண்டு மடங்கு காலம் எடுக்கும், சிலருக்கு எலும்புகள் விலகி அறுவை சிகிச்சையே தேவைப்படும். கட்டாயம் காட்ட வேண்டிய காயம்.

குதிநாண், அதாவது கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் டெண்டன், அறுவது வேறு மாதிரி. ஓடும்போதோ தாவும்போதோ பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். குப்புறப் படுத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, இன்னொருவரைக் கெண்டைக்கால் சதையைப் பிழியச் சொல்லுங்கள். நாண் நன்றாக இருந்தால் பாதம் கீழ்நோக்கி அசையும், அறுந்திருந்தால் அசையாது. அறுந்தவரும் வேறு தசைகளை வைத்து நொண்டி நடக்க முடியும் என்பதால் "நடக்க முடிகிறதே" என்று விட்டுவிடுவது நடக்கிறது, நாள் கடந்தால் சிகிச்சை சிக்கலாகும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுக்கும் காலத்தில் குதிநாண் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், இந்த மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தக் கூடியவை. அறாமல், காலையில் எழுந்ததும் விறைத்து, நடக்க நடக்கச் சரியாகிற நாண் வலி என்றால் அது நாள்பட்ட தேய்மானம். அதற்கு மருந்து குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்கும் பயிற்சிதான், 12 வாரமாவது ஆகும்.

வெளிக்குமிழின் பின்னால் ஏதோ கயிறு "டக்" என்று புரள்வது தெரிந்தால் அங்கே ஓடும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) தன் தடத்தை விட்டு விலகுகிறது. ஆறு எட்டு வாரம் ஆகியும் மூட்டுக்கு உள்ளே ஆழத்தில் வலியும் அவ்வப்போது சிக்கிக்கொள்கிற உணர்வும் இருந்தால் தாலஸ் எலும்பின் மேல்பரப்பில் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் ஸ்கேன் வேண்டும்.

முறிவு என்றால்

வெளிக்குமிழ் மட்டும் முறிந்து, விலகாமல், மூட்டு உறுதியாக இருந்தால் வாக்கிங் பூட்டிலேயே நடக்க அனுமதிப்பார்கள், ஏறக்குறைய ஆறு வாரத்தில் எலும்பு கூடும். இரண்டு குமிழும் முறிந்தாலோ எலும்பு விலகினாலோ பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து அறுவை சிகிச்சை. இந்த மூட்டில் எலும்பு கொஞ்சம் விலகிக் கூடினாலும் பின்னாளில் தேய்மானம் வரும் என்பதால்தான் மருத்துவர்கள் இதில் கறாராக இருக்கிறார்கள். கட்டு போட்டிருக்கும் காலத்தில் கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள், காலில் ரத்தக்கட்டி உருவாகியிருக்கலாம், அது நுரையீரலுக்கும் போயிருக்கலாம். புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும், நிறுத்த இதைவிட நல்ல நேரம் இல்லை. கட்டு பிரித்த பிறகு நான்காம் படியிலிருந்து எல்லாமே இவர்களுக்கும் பொருந்தும், பிசியோதெரபிஸ்ட் துணையோடு.

குழந்தைகளுக்கு எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளமாக வளரும் பகுதி, இருக்கிறது, அது பல நேரம் தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்காகிற அதே விசை அவர்களுக்கு அந்தத் தட்டில் காயமாகலாம், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். குமிழ்மேல் அழுத்தினால் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் காட்டிவிடுங்கள்.

சர்க்கரை நோயால் காலில் உணர்வு மங்கியவர்களுக்கு, பெரிதாக அடிபடாமலேயே கணுக்காலோ பாதமோ வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே நடப்பதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அடிபடாமல் மூட்டு சிவந்து காய்ச்சலும் வந்தால் அது யாருக்கானாலும் அவசரம்தான், மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம்.

மறுபடி மறுபடி மடங்கும் கால்

வருடத்துக்குப் பல முறை கால் மடங்குகிறது, சமதரையிலும் நம்பிக்கை இல்லை என்றால் அது நாள்பட்ட உறுதியின்மை. பழைய சுளுக்கு எத்தனை வருடத்துக்கு முந்தையதாக இருந்தாலும் ஐந்தாம் ஆறாம் படிகளை இன்றைக்கே தொடங்கலாம், வயதும் தடையில்லை. ஒழுங்காக மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் செய்து பாருங்கள், பெரும்பாலானோருக்கு இதுவே போதும். அப்படியும் மடங்கினால் எலும்பு மூட்டு நிபுணரிடம் தசைநாரை இறுக்கித் தைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். ஸ்வீடனைச் சேர்ந்த லென்னார்ட் ப்ரோஸ்ட்ராம் 1966-இல் விவரித்த முறையைக் கொஞ்சம் மாற்றி இன்றும் செய்கிறார்கள், நல்ல பலன் தருகிறது. போகும்போது இதுவரை எத்தனை முறை மடங்கியது, எந்தத் தரையில், என்னென்ன பயிற்சி எவ்வளவு காலம் செய்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள், நிபுணர் முதலில் கேட்பது அதைத்தான். சிகிச்சைக்குப் பின்னும் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைத்தான் மறுபடி தொடங்கச் சொல்வார்கள்.